ஹேண்டலின் பெயரில் நான்கு சொனாட்டாக்கள்

வயலின் பயிலும் மாணவர் பல தலைமுறைகளாக ஹேண்டலின் ஆறு சொனாட்டாக்கள் என்றொரு தொகுதியைக் கையாண்டு வந்துள்ளனர். இவ்வாறனுள் நான்கு ஹேண்டலுடையவை அல்ல என்பது இன்று ஆய்வாளரிடையே ஏறக்குறைய முடிந்த முடிபாகும். ஏ மேஜரில் ஒன்றும் டி மேஜரில் ஒன்றுமாக இரண்டே அவருடையவை. அவ்விரண்டிற்கும் அவர் கைப்பட எழுதிய படிகள் உள்ளன. ஏனைய நான்கிற்கும் அத்தகைய படி எதுவும் இல்லை.

பிழை புகுந்த வரலாறு கவனிக்கத்தக்கது. 1730ஐ ஒட்டி, புல்லாங்குழல், ஓபோ, வயலின் ஆகியவற்றிற்குரிய ஹேண்டலின் பன்னிரு சொனாட்டாக்கள் அச்சாயின. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ழான் ரோஜே அம்மையார் அவற்றை வெளியிட்டதாகத் தலைப்புப் பக்கம் கூறுகிறது. அவ்வம்மையாரோ 1722இலேயே காலஞ்சென்றவர்! உண்மையில் அதனை அச்சிட்டவர் லண்டன் பதிப்பாளர் ஜான் வால்ஷ் என்பதைச் செதுக்கெழுத்துகள் காட்டிக்கொடுக்கின்றன. பின்னர், 1732ஐ ஒட்டி, வால்ஷ் தம் சொந்தப் பெயரிலேயே அந்நூலை மீண்டும் வெளியிட்டு, இது முந்தைய பதிப்பினும் திருத்தமானது என்று விளம்பரப்படுத்தினார். அவர் செய்த திருத்தம் யாது? பத்தாம், பன்னிரண்டாம் சொனாட்டாக்களை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் வேறிரண்டைச் சேர்த்தார். நீக்கப்பட்டவையும் ஹேண்டலுடையவை அல்ல; சேர்க்கப்பட்டவையும் அல்ல. பழைய பிரதிகளில் இவற்றின் அருகே, இது திரு. ஹேண்டலுடையதன்று என்னும் பொருள்பட யாரோ மையால் குறித்து வைத்துள்ளனர். அக்குறிப்பைப் பொருட்படுத்துவார் இலர். 1879இல் கிரிசாண்டர் இரு பதிப்புகளிலும் உள்ளவற்றை ஒருங்கே திரட்டித் தம் பெரும்பதிப்பில் சேர்த்தபோது, நான்கும் நிலையான இடம் பெற்றுவிட்டன.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆக்கியோனைப் பற்றி வகுப்பறையில் வாதிட்டுப் பழகிய நம் வாசகருக்கு இவ்வகை ஆராய்ச்சி புதிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிருபம் தன் ஆக்கியோனின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே வணிகர் ஒருவர் விலைபோகும் பெயரைத் துணிந்து ஒட்டிவிட்டார்.

நடையைக் கொண்டே ஆக்கியோனைக் கண்டுகொள்ளலாம் என்பாரை நான் எளிதில் நம்புவதில்லை. இளமையில் ஈ மேஜர் சொனாட்டாவை இசைத்தட்டில் கேட்டு, இக்கம்பீரம் ஹேண்டலுக்கன்றி யாருக்கு வரும் என்று நண்பரிடம் வாதிட்டவன் நான். என் செவி அன்று கேட்டது இசையையா, உறையின்மேல் அச்சிட்டிருந்த பெயரையா? பாகின் பெயரிலும் இது நிகழ்ந்துள்ளது. அவருடையதாக எண்ணப்பட்ட ஏ மேஜர்த் தொகுதி ஒன்று, லூட் கலைஞர் வைஸ் இயற்றியதன்மேல் பாக் வயலின் பகுதியைச் சேர்த்து அமைத்தது என்பது 1993இல்தான் தெளிவாயிற்று. அதற்கு முன்னர் அதனைக் கேட்டவர்களும் நுண்செவி படைத்தவர்களே.

நான்கையும் கச்சேரி மேடையினின்று அகற்றிவிட வேண்டும் என்பது ஒருசாரார் கருத்து. வழக்கத்திலுள்ள பெயரை மாற்றுவானேன் என்பது மறுசாரார் கருத்து. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பெயர் பொய்த்ததனால் ஈ மேஜரின் முதற்பகுதியாகிய அடாஜியோவின் இனிமை குன்றிவிடவில்லை. ஆனால் ஹேண்டலின் முத்திரை பதிந்த டி மேஜர் சொனாட்டாவுடன் அதனை ஒப்பிடுவோர் தரவேறுபாட்டையும் மறைத்தல் ஆகாது. 1750ஐ ஒட்டி எழுதப்பட்ட அம்முதுமைக்காலப் படைப்பில் ஒவ்வொரு பகுதியும் ஒரு நாடகக் காட்சியெனவே விரிகிறது. அதன் இறுதிப் பகுதியை 1751இல் இயற்றிய 'யெப்தா'வில் தேவதூதன் தோன்றும் இடத்திற்கு ஹேண்டல் மீண்டும் பயன்படுத்தினார். (நியாயாதிபதிகள் 11இல் தூதன் இல்லை, அவன் பாடலாசிரியர் மோரெல் சேர்த்த பாத்திரம்.) தம் பொருளைத் தாமே எடுத்தாளும் இப்பழக்கமும் ஹேண்டலின் கையை அடையாளம் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

இதில் உண்மையாகவே இழப்புற்றவர் ஹேண்டல் அல்லர். தம் பெயரை இழந்துவிட்ட அந்நால்வர், அல்லது இருவர், அல்லது ஒருவர். அவர்களுடைய இசை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகப் பிறர் புகழைப் பெருக்கி வந்துள்ளது. ஹேண்டலின் பெயருக்கு முன் வினாக்குறி இட்டு அச்சிடும் வழக்கமும் அரைமனத்தோடு செய்யும் திருத்தமே. 'ஆக்கியோன் அறியப்படவில்லை' என்று அச்சிட்டு, அதே அடாஜியோவை அதே மேடையில் வாசிக்கட்டும்.