அச்சு இல்லை, மூடிப்பெட்டி

ஷாப்பரோனின் என்றால் என்னன்னு எங்க ஊர் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் பத்துக்கு எட்டு பேர் சொல்வது ஒரே பதில்: "புரதத்தை வார்க்கிற அச்சு." விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். அச்சும், சூளைக்குள் பொருளைச் சுற்றி வைக்கிற மூடிப்பெட்டியும் வேறன்னு இங்கே பீங்கான் பொம்மை செய்கிற யாருக்கும் தெரியும். அச்சு உருவம் தரும். பெட்டி தராது, தீயும் சாம்பலும் படாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். ஷாப்பரோனின் பெரும்பாலும் இரண்டாவது ரகம். புரதத்தின் வடிவம் அதன் அமினோ அமில வரிசையிலேயே இருக்கு. மடியும்போது பக்கத்துப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு தனியறை வேணும், அது இது.

பாடக்குறிப்புகள் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. கதை எப்போதும் ஈ.கோலையில் தொடங்கி ஈஸ்டில் முடிந்துவிடுகிறது. டெட்ராஹைமெனா என்ற குறுயிழை உயிரி, குட்டையில் நீந்தும் ஒரு செல் ஜீவன், அதில் வரவே வராது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் 58 கிலோடால்டன் எடையுள்ள, வெப்பத்தில் அதிகமாகும் புரதத்தை மெக்முல்லினும் ஹால்பெர்க்கும் 1987-ல் இதில்தான் விவரித்தார்கள். அடுத்த வருஷமே அது பாக்டீரியாவின் குரோஇஎல்லுக்கு உறவு என்று காட்டினார்கள். ஈஸ்டின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1989-ல்.

சைட்டோபிளாசத்தில் இருப்பது வேறொன்று: சிசிடி. குரோஇஎல்லில் இரண்டு வளையம், வளையத்துக்கு ஏழு, எல்லாம் ஒரே புரதம், ஒரே மரபணு. சிசிடியில் வளையத்துக்கு எட்டு, எட்டும் வெவ்வேறு மரபணு. எட்டும் அளவாக வெளிப்படாவிட்டால் வளையம் எப்படிச் சேரும்? லிஸ்பனில் ஹெலெனா சோரெஸ் குழு டெட்ராஹைமெனாவைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. அதன் இழைகளை உதிர்த்துவிட்டால் திரும்ப முளைக்கும். அதற்கு ஏராளமான டியூபுலின் வேணும், டியூபுலினை மடிப்பது சிசிடி. 1996-ல் ஈட்டா, காமா என்ற இரு துணையலகு மரபணுக்களும் இழை உருவாகும்போதும் கலவியின்போதும் சேர்ந்தே வெளிப்படுகின்றன என்று எழுதினார்கள்.

நல்ல கட்டுரை. ஆனால் பிறகு பலர் இதை மேற்கோள் காட்டும் விதம் எனக்கு ஒப்பவில்லை. சேர்ந்து ஏறுவது ஆர்.என்.ஏ. எட்டில் இரண்டு. இதிலிருந்து "முழு வளையமும் இழைக்காக வேலை செய்கிறது" என்று தாவ முடியாது. ஒரே தெருவில் ரெண்டு வீட்டில் விளக்கு எரிந்தால் உள்ளே ஒரே கல்யாணமா?

அதே குழு 2010-ல் பிளாஸ் ஒன்-னில் இன்னும் கடுமையான சோதனை செய்தது. குறுயிழை உயிரிக்கு இரண்டு உட்கரு. சிறியது விதைநெல் மாதிரி, பெரியதுதான் அன்றாடம் சமைப்பது. சிறிய உட்கருவில் ஆல்ஃபா அல்லது டெல்டா மரபணுவைக் கெடுத்துவிட்டு, பெரியதில் நல்லதை விட்டுவைப்பார்கள். செல் சுகமாக வாழும். கலவிக்குப் பிறகு புதிய பெரிய உட்கரு கெட்ட பிரதியிலிருந்து உருவாகும், அப்போதுதான் வம்பு. அந்தச் செல்கள் புது இழை கட்டவில்லை, இரண்டு செல் சுழற்சிக்குள் செத்தன. இருந்த இழைகளும் குட்டையாகி, நுனிக் குழல்கள் பிரிந்தன. அடையாளம் ஒட்டிய ஆல்ஃபா முக்கியமாகத் தெரிந்தது இழை நுனியில்.

இங்கே அவர்கள் எழுதிய ஒரு சொற்றொடரை நான் மதிக்கிறேன்: இந்தத் துணையலகுகள் முழு வளையத்தின் பகுதியாகவோ, தனியாகவோ வேலை செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த "தனியாகவோ"வை விழுங்கிவிடுகிறார்கள்.

பிறகு ஒரு நடைமுறைத் தொல்லை. இந்த உயிரியில் யு.ஏ.ஏ., யு.ஏ.ஜி. இரண்டும் முற்றுப்புள்ளி இல்லை, குளுட்டமைன். யு.ஜி.ஏ. மட்டும்தான் நிறுத்தும். ஆகவே இதன் மரபணுவில் அந்தக் குறியீடுகள் இருந்தால், அப்படியே ஈ.கோலையில் போட்டால் பாதியில் அறுந்துபோகும். ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகள் வரிசையை இறக்கியதும், மொழிபெயர்க்கும் மென்பொருளில் 6-ம் எண் குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரத்தை மிச்சப்படுத்தலாம்.