இசைவும் அடங்கிப்போதலும்: 1979ஆம் ஆண்டுத் திறந்த மடல் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

புலமை நடுநிலை காத்தல் வேண்டும். இயக்கத்தோடு சேர்ந்தால் அதன் தெளிவு குன்றும் என்பது கல்வியுலகில் நெடுநாளாக நிலவும் கருத்து. இதனைச் சோதித்துப் பார்க்க ஏற்றதொரு சான்று, 1979 செப்டம்பர் 16 அன்று சட்ட ஆசிரியர்களாகிய உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலாகும். பெண்ணிய இயக்க வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இம்மடல், அடிப்படையில் ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்காடலாகும். அந்நோக்கில் அது இங்கு ஆராயப்படுகிறது.

2. தீர்ப்பும் மடலும்

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்கு அழைத்து வரப்பட்ட பழங்குடி இளம்பெண் ஒருவரிடம் பாலியல் வன்முறை புரிந்ததாகக் காவலர் இருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அமர்வு நீதிமன்றம் 1974இல் இருவரையும் விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, அச்சத்தால் அடங்கிப்போவது இசைவாகாது எனக் கொண்டு அவர்களைத் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 1978 செப்டம்பர் 15 அன்று மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானவை.

மடலின் வாதம் எளியது. இசைவில் அடங்குதல் உண்டு. அடங்குதல் யாவும் இசைவாகா. பொருளியலார் கூறும் ஒருதலை உட்கிடை இது. தீர்ப்போ அதனை இருதலை உறவாகக் கொண்டு, எதிர்ப்பின்மையிலிருந்து இசைவை வருவித்தது. மடல் இத்துடன் நில்லாமல் சூழலையும் பொருளின் கூறாக்கியது. இரவு நேரம், காவல் நிலையம், தாழிட்ட கதவு, அணைக்கப்பட்ட விளக்கு, ஒருபுறம் அதிகாரம், மறுபுறம் வறுமையும் இளவயதும். இச்சூழலில் மௌனம் என்ன பொருள் தரும் என்பதே மடல் எழுப்பிய வினா. பெண்ணைக் காவல் நிலையத்திற்கு அழைத்ததே சட்ட மீறல் என்பதைத் தீர்ப்பு கண்டிக்காததையும் அது சுட்டியது.

இங்குப் புலமையின் கருவிகள் எவையும் கைவிடப்படவில்லை. சட்டப்பிரிவு, சான்று, சொல் வரையறை ஆகியவற்றைக் கொண்டே வாதம் நடைபெறுகிறது. சார்பு வாதத்தைத் தளர்த்தவில்லை. எதை வினவ வேண்டும் என்பதை அதுவே காட்டியது.

3. தமிழில் இச்சொற்கள்

இவ்வேறுபாட்டைத் தமிழில் தருவது மொழிபெயர்ப்பாளர்க்கு எளிதன்று. 'இசைவு', 'சம்மதம்' ஆகியன சட்டத் தமிழில் வழங்குகின்றன. இவற்றோடு 'இணக்கம்' என்பதும் ஒருபொருட் சொல்லாக ஆளப்படுவதுண்டு. ஆனால் 'இணங்கு' என்னும் வினை மனமொப்புதலையும் வற்புறுத்தலுக்கு வளைந்துகொடுத்தலையும் ஒருங்கே குறிக்கும். 'ஆசைக்கு இணங்க மறுத்த பெண்' என்னும் செய்தித்தாள் தொடரில் பெண்ணின் விருப்பம் ஒரு பொருளாகவே இல்லை. ஆணின் ஆசையே நிலைப்பொருள், பெண் அதற்கு வளைவாள் அல்லது மறுப்பாள். இசைவைக் குறிக்க 'இணக்கம்' என எழுதும் மொழிபெயர்ப்பு, மடல் பிரித்ததை மீண்டும் ஒன்றாக்கிவிடும்.

மாறாக, 'போ' என்னும் துணைவினை இங்குப் பெரிதும் பயன்படத்தக்கது. 'பயந்துபோனாள்', 'ஒடுங்கிப்போனாள்' என்பவற்றில் செயல் செய்வோரின் விருப்பத்திற்கு அப்பாற்பட்டது என்னும் குறிப்பு உண்டு. 'அடங்கினாள்' என்பதைவிட 'அடங்கிப்போனாள்' என்பதே உயர் நீதிமன்றம் கண்ட வேறுபாட்டிற்கு நெருங்கியது. கலைச்சொல் பெயர்ச்சொல்லாகவே இருத்தல் வேண்டும் என்னும் பழக்கத்தால் இத்தகைய வினை நுட்பங்கள் சட்டத் தமிழில் இடம்பெறாமல் போகின்றன.

4. விளைவும் வரம்பும்

1980 ஜனவரியில் பம்பாயில் வன்புணர்ச்சி எதிர்ப்பு மன்றம் தோன்றியது. அவ்வாண்டு மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் மறுவிசாரணை கோரித் தெருவில் இறங்கினர். அதே ஆண்டில் சட்ட ஆணையம் தன் 84ஆம் அறிக்கையில் 'இசைவு' என்பதற்குக் கட்டற்ற, தன்விருப்பான என்னும் அடைகளைப் பரிந்துரைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வடைகளை ஏற்கவில்லை. ஆயினும் காவலில் நிகழும் வன்முறையில், இசையவில்லை எனப் பெண் சாட்சியம் அளித்தால் இசைவில்லை என்றே நீதிமன்றம் கொள்ளல் வேண்டும் என விதித்தது. எது இசைவன்று என்பதை மட்டுமே கூறிவந்த தண்டனைச் சட்டம், வன்புணர்ச்சிப் பிரிவில் எது இசைவு என வரையறுத்தது 2013இல்தான். உடலால் எதிர்க்காமை ஒன்றே இசைவாகாது என்பதும் அப்போது சட்டமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வரையறையைப் பேணுகிறது. மடலில் வாதமாக நின்றது சட்டநூலில் ஏற 34 ஆண்டுகள் சென்றன.

மடலின் வரம்பையும் மறைத்தல் ஆகாது. அப்பெண்ணின் பொருட்டு நால்வர் பேசினர். அவர் குரல் அதில் இல்லை. அவர் பெயர் வழக்கின் பெயராகி நாடெங்கும் பரவியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்த பிரிவும் அதே 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. தீர்ப்பும் மாறவில்லை. இயக்கம் சட்டத்தை வென்றது; வழக்கிற்குரியவர் தோற்றவராகவே நின்றார். ஈடுபாடுள்ள புலமை தன் வெற்றியைக் கணக்கிடும்போது இதனையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

5. முடிவுரை

சொல்லின் பொருளை வரையறுப்பது அகராதியோடு முடியும் பணியன்று என்பதை இம்மடல் காட்டுகிறது. வாக்குமூலத்தைப் பதிவு செய்வோரும் அதனை மொழிபெயர்ப்போரும் 'இசைந்தாள்', 'இணங்கினாள்', 'அடங்கிப்போனாள்' ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தேர்கின்றனர். அத்தேர்வு வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். இத்துறையில் தமிழ் வழக்குகளைத் தொகுத்து ஆராய்வது மொழியியலார்க்கு உரிய உடனடிப் பணியாகும்.