அந்தி மணல்

பாலைவனத்தை அஸ்தமன வேளையில் படம் பிடிக்காதவர்கள் இன்று குறைவு. ஜெய்சல்மேருக்குப் போய்வருகிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒட்டகம், சிவப்புச் சூரியன், மணல் அலை என்று அதே மூன்றையும் கைப்பேசியில் அடைத்துக்கொண்டு திரும்புகிறது. பத்து வீட்டுப் படங்களைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒரு அழகு எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக வாய்க்கும்போது அதைக் கொஞ்சம் சந்தேகித்துப் பார்ப்பது நல்லது. நம் தொடர்கதைகளில் கதாநாயகி கடிதத்தைக் கிழித்துப் போட்டவுடன் சூரியன் மலைவாயில் விழுவானே, அதைச் சந்தேகிப்பது போலத்தான்.

தமிழ்நாட்டில் தார் இல்லை. ஆனால் மணலுக்குக் குறைவில்லை. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி. வடக்கே எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை, ஒரு புறம் கடலும் மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாயுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. காட்டுப்பள்ளி அதன்மேல்தான் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா. சூரியன் இறங்குவது மேற்கே உப்பங்கழியின்மேல். சென்னையிலிருந்து மத்தியானம் கிளம்பினால் அஸ்தமனத்தைப் பிடித்துக்கொண்டு ராச்சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அப்படிப் போய்வந்த நண்பர் ஒருவர் நாற்பது படங்களை எனக்குக் காட்டினார். கை தேர்ந்தவர், படங்களில் தொழில் குறை எதுவும் இல்லை. "அசல் பாலைவனம் மாதிரி இல்லை?" என்று கேட்டார். இருந்தது. என் குறையே அதுதான்.

தொழிலின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். உச்சிவெயில் மேலிருந்து விழும்போது மணலில் நிழல் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. சூரியன் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு மணல் வரிக்கும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் இருள். அந்த வேளையில் வெளிச்சம் காற்றுமண்டலத்தில் வெகு தூரம் கடந்து வரவேண்டியிருக்கிறது. நீலம் வழியில் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. 1871-லேயே ராலே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். ஆக, மணலுக்கு உருவமும் கிடைக்கிறது, நிறமும் கிடைக்கிறது. இரண்டும் இனாம். படம் எடுப்பவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தார்கள். தொல்காப்பியர் பாலைக்குக் கொடுத்த பொழுது நண்பகல். எற்பாட்டை, சூரியன் சாய்கிற வேளையை, அவர் நெய்தலுக்குத்தான் கொடுத்தார். சிலப்பதிகாரமோ பாலை என்று தனி நிலமே வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து துயரம் தருகிறபோது அதற்குப் பாலை என்று பெயர். அதாவது பாலை என்பது ஒரு காட்சி அல்ல, ஒரு கஷ்டம். வெயில், தாகம், வழிப்பறி பயம் எல்லாம் சேர்ந்தது அது. அதை அந்தியில் படம் பிடிக்கிறவர் வெயிலை வடிகட்டிவிட்டு மணலை மட்டும் வைத்துக்கொள்கிறார். நெய்தலுக்கு உரிய உணர்ச்சி இரங்கல். கடற்கரையில் அஸ்தமனத்துக்கு அர்த்தம் வருவதே, போன படகு இன்னும் திரும்பவில்லையே என்று பார்த்து நிற்க ஒருத்தி இருப்பதால்தான். அவள் இல்லாவிட்டால் அது பஞ்சாங்கத்தில் ஒரு வரி.

நண்பரின் படங்களில் இரண்டு திணையும் கெட்டிருந்தன. பாலைக்கு வெயில் இல்லை. நெய்தலுக்கு ஆள் இல்லை.

அஸ்தமனமே கூடாது என்பது என் கட்சி அல்ல. அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவின் வறண்ட பூமியில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், 1941-ல் எடுத்த நிலவுப் படம் உலகப் பிரசித்தம். பொழுது சாய்கிற சமயம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை; நிலவின் பிரகாசத்தை ஞாபகத்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது பிளேட்டுக்குள் ஒளி போய்விட்டது. எங்கிருந்து போய்விட்டது? கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளிலிருந்து. கடைசி வெயில் இறந்தவர்களின்மேல் விழுந்துகொண்டிருந்ததால்தான் அந்தப் படத்தில் அவசரம் இருக்கிறது. நம் நாட்டு ரகுவீர் சிங் 1981-ல் ராஜஸ்தானைப் பற்றி ஒரு வர்ணப்படப் புத்தகம் வெளியிட்டார்; சத்யஜித் ராய் முன்னுரை எழுதினார். அதில் வர்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வர்ணம் பெரும்பாலும் மனிதர்களின் தலைப்பாகையிலும் முக்காட்டிலும் இருக்கிறது. வெறும் வானத்தில் அல்ல.

காட்டுப்பள்ளி மணலில் ஆள் இல்லை என்பது அந்த இடத்தின் இயல்பா, அந்த வேளையின் இயல்பா என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். மீனவ ஊர்களில் மணலின் சூடு ஒரு கருவி. உச்சிவெயிலில்தான் மீன் காய்ந்து கருவாடாகிறது. பெண்கள் அதைப் புரட்டிப் போட்டு, சாயங்காலத்துக்குள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். படக்காரர் வந்து சேருவது அதற்கப்புறம். ஏரியிலும் சும்மா கிடக்கும் நீர் என்று எதுவும் இல்லை. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று குலுக்கலும் முறைவைப்புமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களும் உண்டு. நண்பர் ஒன்றுமில்லை என்று பார்த்த நிலத்துக்கும் நீருக்கும் கைக்குக் கை கணக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. சூரியனைப் பார்த்து நின்று சற்றே இடப்புறம் திரும்பினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கரையில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். அந்தத் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பெருக்கும் திட்டம் பிறகு எழுந்தது. மீனவ ஊர்கள் எதிர்த்தன. அந்த வழக்கின் நியாயங்களை இங்கே நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், உலகத்தில் எங்கும், முதலில் சொல்வது அங்கே ஒன்றும் இல்லை என்பதைத்தான். நண்பரின் படங்கள் அதே வாக்கியத்தை அழகாகச் சொல்கின்றன. அவர் மனசில் அது இல்லை, வாஸ்தவம். ஆனால் படத்தில் இருக்கிறது. விமர்சனம் படிக்க வேண்டியது படத்தை.

அப்படியானால் கிழவியின் கண்ணீரை அருகில் போய் எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதுவும் இனாமாகக் கிடைக்கிற சரக்குதான். அஸ்தமனத்துக்குப் பதில் கண்ணீர், அவ்வளவே.

நாற்பதில் ஒரு படம் எனக்குப் பிடித்தது. மூங்கில்களில் உலரப் போட்ட வலை. அதன் நிழல் சாய்ந்த வெயிலில் நீண்டு, மணல் முழுவதும் கண்ணி கண்ணியாக விழுந்திருக்கிறது. ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அந்த மணல் ஒருவருடையது என்று தெரிகிறது. அந்தி வெளிச்சம் அங்கே அலங்காரம் அல்ல; அது இல்லாவிட்டால் நிழல் அவ்வளவு தூரம் எட்டியிராது. வலை குறுக்கே வந்து கெடுத்துவிட்டது என்று நண்பர் அதைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்.

மணலையும் மாலையையும் காட்டுகிற படம் இனி உங்கள் கைக்கு வந்தால், மத்தியானம் இங்கே யார் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் படத்துக்குள்ளேயே இருந்தால், அதை எடுத்துச் சுவரில் மாட்டலாம்.