யோபுவின் வேலைக்காரர்கள்

ஊத்ஸ் நாட்டு யோபு உத்தமன். ஊரார் மெச்சிய செல்வன். ஆடுகள் 7,000, ஒட்டகங்கள் 3,000, ஏர்மாடுகள் 500 இணை, பெண் கழுதைகள் 500. ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர். எபிரேயத் திருமறையிலே அவன் பெயரால் அமைந்த நூலை, 'பொறுத்திரு, இறைவன் இரங்குவான்' என்ற உபதேசத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். காட்டுவோர் அந்நூலை முழுமையாகப் படித்தனரா என்பதே நம் ஐயம்.

கதையின் தொடக்கம் என்ன? யோபுவின் பக்தி, பயன் கருதிய பக்தி என்கிறான் சாத்தான். சோதித்துப் பார் என்று விட்டுவிடுகிறார் கடவுள். வழக்கு அவ்விருவருக்குள், வதை யோபுவுக்கு! ஒரே நாளில் மாடுகளைச் சபேயர் கொண்டு போயினர். ஆடுகளை வானத்து நெருப்பு எரித்தது. ஒட்டகங்களைக் கல்தேயர் கவர்ந்தனர். பெருங்காற்றில் வீடிடிந்து மக்கள் மாண்டனர். மேலாடையைக் கிழித்துத் தலையை மழித்துக்கொண்டான் யோபு.

மாடு மேய்த்தவர், ஆடு காத்தவர், ஒட்டகம் ஓட்டியவர் என்னவாயினர்? அவர்களும் வாளுக்கும் நெருப்புக்கும் இரையாயினர். செய்தி சொல்ல ஒவ்வோர் இடத்திலும் ஒருவன் மட்டுமே தப்பினான். மாண்டவர் எத்தனை பேர்? நூல் கூறவில்லை. ஆட்டுக்கு எண் உண்டு, ஆளுக்கு எண் இல்லை! யோபுவைச் சோதிக்க அவன் வேலைக்காரர் ஏன் சாக வேண்டும்? அவர்களுடைய பக்தியை யார் சோதித்தார்கள்?

ஆறுதல் கூற வந்த நண்பர் மூவரும், துன்பம் வந்ததென்றால் குற்றம் இருந்திருக்கும் என்று குத்திக் காட்டினர். பில்தாத் என்பவன், செத்த பிள்ளைகள் மீதே பாவத்தைச் சுமத்துகிறான். யோபு பணியவில்லை. "நான் செய்த பிழை என்ன?" என்று கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். அந்தக் குரலின் வீரத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நூலின் முடிவில் கடவுளே, பேச வேண்டியதைப் பேசியவன் யோபுதான், நண்பர்கள் அல்லர் என்று தீர்ப்பளிக்கிறார். பொறுமையின் சிலையாக யோபுவை நிறுத்தியவர்கள் மறைத்த பக்கம் இது!

ஆனால், கேட்ட கேள்விக்கு விடை உண்டா? சூறைக்காற்றிலிருந்து பேசும் கடவுள், உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிறார். கடலையும் விண்மீனையும் காட்டுகிறார். கவிதை உயர்ந்தது, விடை மட்டும் இல்லை. மாணவன் கேட்ட ஐயத்தைத் தீர்க்காமல், "உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டுபவனை நாம் நல்லாசிரியன் என்போமா?

முடிவிலே கால்நடைகள் இருமடங்காகின்றன. மீண்டும் ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர். புதிய பிள்ளைகள், புதைத்த பிள்ளைகளுக்கு ஈடாவார்களா? வேலைக்காரரைப் பற்றி அங்கும் ஒரு சொல் இல்லை.

எனினும் அதே நூலின் 31ஆம் அதிகாரத்தில் ஒரு மாணிக்கம் கிடக்கிறது. தன் வேலைக்காரன் தன்மீது வழக்குரைத்தபோது அதைத் தள்ளியதில்லை என்கிறான் யோபு. என்னை உருவாக்கியவரே அவனையும் உருவாக்கினார் என்கிறான். உபாகமம் 24ஆம் அதிகாரமோ, ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. இங்கே பேசப்படுவது இரக்கமன்று, உரிமை. எபிரேய நூல்களில் நாம் போற்றத்தக்க பகுதி இதுவே.

திருப்பெரும்புதூரில் நின்று இதைப் படிப்பது பொருத்தம். 1017இல் இராமானுசர் பிறந்ததாக வைணவ மரபு போற்றும் ஊர் அது. சரணாகதி பற்றி அவர் வழிவந்தோர் இருபிரிவாக வாதிட்டனர். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோல் இருந்தால் போதும் என்றனர் தென்கலையார். தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டிபோல் உயிரும் முயல வேண்டும் என்றனர் வடகலையார். பூனையா குரங்கா என்று நூற்றாண்டுகள் வழக்காடினர். மனிதனாக நிமிர்ந்து நிற்கும் வழியை யார் காட்டினர்?

இன்று அவ்வூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர். குட்டிப் பூனைகளாகக் கிடக்கவில்லை அவர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 செப்டம்பர் 9இல், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நின்றனர். சங்கத்தை ஏற்கவேண்டும் என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

யோபுவின் வேலைக்காரர் அன்று வாய் திறக்கவில்லை, நூலாசிரியன் திறக்கவிடவில்லை. இவர்கள் திறந்தார்கள். நோயுற்றவர் எத்தனை பேர் என்று நாடு எண்ணியது. நின்ற நாள் எத்தனை என்றும் எண்ணியது.

துன்பத்தில் தவிப்பவன் ஒரு பெயரைச் சொல்லி ஆறுதல் தேடினால் நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால், கூலியின் இடத்தில் கருணையையும், கேள்வியின் இடத்தில் பொறுமையையும் வைக்க வருவோரிடம் சொல்வோம்: யோபுவின் கதையை 31ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள், ஐயா! அவனுடைய வேலைக்காரர் வழக்கோடு வந்திருக்கிறார்கள்.