விவிலிய நூல்களை எழுதியவர் யார்? தமிழ் நூல் மரபு வழியாக ஒரு பார்வை

விவிலிய நூல்களின் ஆசிரியர் பற்றிய கேள்விக்குத் தமிழ்க் கிறித்தவர் எல்லாரும் ஒரே விடை சொல்வதில்லை. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையினரும் அருகருகே வாழும் சேர்வராயன் மலை ஏற்காட்டிலும் இதே நிலைதான். சி.எஸ்.ஐ. வீடுகளில் பெரும்பாலும் பவர் குழு 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பு இருக்கும். கத்தோலிக்கர் வீடுகளில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும்.

பழைய மொழிபெயர்ப்பில் மூலபாடம் மட்டுமே உண்டு. அதை வாசித்து வளர்ந்த பலருக்கு முதல் ஐந்து நூல்களும் மோசே எழுதியவை. அதற்கு மேல் பேச்சில்லை. திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு முன்னுரை உண்டு. நூல் உருவான காலமும் சூழலும் அங்கே பேசப்படுகின்றன. எசாயாவின் 66 அதிகாரங்களை மூன்று காலத்தவையாகப் பிரிப்பது போன்ற ஆய்வு முடிவுகள் இவ்வகை முன்னுரைகள் வழியாகவே எளிய வாசகரிடம் வந்து சேர்கின்றன. "அப்படியானால் எசாயா எழுதினார் என்பது பொய்யா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் மறைக்கல்வி ஆசிரியர் என்ன சொல்வார்?

நன்னூல் நடத்தியவருக்கு விடை எட்டாததல்ல. ஆக்கியோன் பெயரைச் சொல்வதோடு பாயிரத்தின் வேலை முடிவதில்லை. நூல் வந்த வழி, கேட்போர், பயன் என்பனவும் அது சொல்ல வேண்டிய எட்டில் அடங்கும். முதனூல், வழிநூல் என்ற பாகுபாடும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியம் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. விவிலியத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

2 மக்கபேயர் நூலின் ஆசிரியர், சீரேனே ஊர் யாசோன் எழுதிய ஐந்து நூல்களை ஒன்றாகச் சுருக்கியதாகவும், அது தூக்கத்தைக் கெடுத்த வேலை என்றும் தாமே சொல்கிறார். இது தொகுத்தல். சீராக்கின் ஞானத்தை, எபிரேயத்தில் எழுதியவருடைய பேரன் கிரேக்கத்தில் தந்தார். மூலத்தின் ஆற்றல் மொழிபெயர்ப்பில் குறைந்திருக்கலாம் என்று முன்னதாகவே பொறுத்தருளக் கேட்கிறார். மத்தேயுவைத் தொகைவிரி எனலாம். மாற்கு நற்செய்தியே முந்தியது என்பது இன்று பெரும்பாலான அறிஞர் கருத்து. யாயிரின் மகள் கதையை மாற்கு 23 வசனங்களில் சொல்ல, மத்தேயு ஒன்பதில் முடித்துவிடுகிறார். ஆனால் மலைப்பொழிவு போன்ற உரைகளைச் சேர்த்து, 16 அதிகார நூலை 28 அதிகாரங்களாக விரிக்கிறார்.

எட்டுத்தொகை அறிந்தவருக்கு நீதிமொழிகளும் புதிதல்ல. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்கிறோம். அவரைப் பாடல்களின் ஆசிரியராக்குவதில்லை. நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரத் தொடக்கமும், சாலமோனின் மொழிகளை எசேக்கியா அரசனின் ஆட்கள் பெயர்த்தெழுதினர் என்கிறது. 30-ஆம் அதிகாரம் ஆகூருடையது. ஆனாலும் முழு நூலையும் சாலமோன் பெயரிலேயே வழங்குகிறோம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மோசேயின் மரணம் இணைச்சட்டம் 34-இல் வருகிறது. அதன் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்ற கருத்து தால்மூதிலேயே பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை ஐரோப்பியர் கொண்டுவந்த நாத்திகம் என்று சில பிரசங்கிகள் தள்ளுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எல்லாமே இப்படிப் பொருந்திவிடும் என்று சொல்லவில்லை. 2 பேதுரு பேதுருவின் பெயரில் பிற்காலத்தவர் எழுதியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. அகத்தியர் பெயரில் வழங்கும் பிற்கால மருத்துவ நூல்களை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் அந்த மருத்துவ நூல்களில் "நேரில் கண்டேன்" என்ற சாட்சியம் முக்கியமல்ல. 2 பேதுரு அதையே தனக்கு ஆதாரமாக வைக்கிறது. இந்த இடத்தில் பாயிர இலக்கணம் நமக்கு உதவவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. தாம் எழுதிய முறையை மனம் திறந்து பேசும் 2 மக்கபேயரும் சீராக்கும் 73 நூல் கொண்ட கத்தோலிக்கப் பதிப்பில் உள்ளன; 66 நூல் பதிப்பில் இல்லை. 66 நூல்களோடு நிற்பவர், பலரும் எழுதியவற்றை ஆராய்ந்து எழுதுவதாகச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களிலிருந்து தொடங்கலாம்.