பென்னாகரத்துப் பனியில் ஒரு டிரெய்லர் வீடு

இந்த டிரெய்லரில் ஹீட்டர் கிடையாது. மார்கழியும் தையும் பென்னாகரத்தில் இதற்குள் குடியிருந்து பார்த்தாயிற்று. ஹீட்டர் தேவைப்படவும் இல்லை. இந்தப் பக்கத்துப் பனிக்காலத்தில் வண்டியைப் பதம் பார்ப்பது ஈரம்தான்.

கோவைப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் கட்டிய வண்டி. ஒற்றை அச்சு, 14 அடி நீளம், எஸ்யூவியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கலாம். இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே 30 மி.மீ. ஃபோம் வைத்த சுவர். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார், அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஒகேனக்கல் ரோட்டை ஒட்டி, கேழ்வரகு அறுத்து முடித்த ஒரு நண்பரின் கொல்லையில் நிறுத்திக்கொண்டோம்.

விடியற்காலையில் வெளியே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 15 டிகிரியை ஒட்டிக் காட்டும். உள்ளே 21, 22. தூங்கும் ஆள் ஒவ்வொருவரும் 70 வாட் அளவுக்குச் சூடு விடுகிறோம். சுவர் ஒழுங்காக இருந்தால் இவ்வளவு சின்ன அறைக்கு அது போதும். சுவரில் பட்டறைக்காரர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஜன்னலில் பார்த்துவிட்டார்.

இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால், மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. உள்ளே 22 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் நீராகக் கோத்துக்கொள்ளும். இந்த வண்டியில் ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். காலையில் சட்டத்தின் கீழ் மூலையிலிருந்து நீர் வழிந்து, பிளைவுட் இணைப்புக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைவிட மோசம் மெத்தையின் அடிப்பக்கம். பலகையில் துளையே இல்லை. மெத்தையைத் தூக்கினால் கை ஈரமாகிறது, மூன்றாம் வாரத்தில் பூசண வாடை. பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட ரீப்பர் கட்டைகளை அடித்து, மேலே தென்னை நார் விரிப்பைப் போட்டோம். வாடை போய்விட்டது. இது வண்டி விற்கும்போதே இருந்திருக்க வேண்டிய வேலை.

ஜன்னலுக்கு வழி சொன்னவர் பக்கத்துக் கொல்லைக்காரர். லாரி ஓட்டி பஞ்சாப் வரைக்கும் போய்வருபவர், ஜனவரிக் குளிரில் கேபினிலேயே படுத்து எழுந்தவர். "அண்ணா, கண்ணாடிய ஒரு விரக்கடை எறக்கி உட்டுட்டுப் படுங்க, குளுரு தாங்கிக்கலாம்" என்றார். அப்படியே செய்து, கூரைத் துவாரத்து 12 வோல்ட் ஃபேனையும் மெல்ல ஓடவிட்டோம். உள்ளே இரண்டு டிகிரி குறைந்தது, கண்ணாடி காய்ந்தே இருந்தது. ஃபேன் 2 ஆம்பியர் இழுக்கிறது. ராத்திரி முழுக்க ஓடினால் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. ஒரு கம்பளிக்கு ஈடாக இது நல்ல பேரம்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அதோடு களிப் பானையின் ஆவியும் சேர்ந்தால் சுவரெல்லாம் வியர்க்கும். கதவோரப் பந்தலுக்கடியில் 5 கிலோ சிலிண்டரை வைத்துக் களி கிண்டுவதும் மொச்சைக் குழம்பு வைப்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு இந்தப் பேட்டரிக்குக் கட்டாது: மொத்தமே ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கிறது, அரைமணி நேரக் களிக்கு முக்கால் யூனிட் போய்விடும்.

குளிருக்காக அடுப்பையோ கரியையோ உள்ளே கொண்டுவருவதை மட்டும் யாரும் நினைத்தே பார்க்கக் கூடாது. கொடைக்கானலில் பார்பெக்யூ கரி அறைக்குள் கனன்றுகொண்டிருக்கத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தி 2024-ல் வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமலும் வராது. டிரெய்லரின் கொள்ளளவு ஒரு விடுதி அறையில் பாதிகூட இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இந்த வண்டியில் பொருத்தப்படவில்லை. நாங்கள் வாங்கி மாட்டினோம். பட்டறைகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புகிறோம் என்பது இந்த மாவட்டத்தில் சின்ன விஷயம் அல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பூமி இது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். எனவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத் தனிக் கேனில் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க ஆகும். ஆனால் கீசர் காயிலில் உப்புப் படிவதை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

சோலார் பரவாயில்லை. மார்கழியில் உச்சிவேளையிலும் இங்கே சூரியன் தெற்கே சாய்ந்து 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையோடு படுத்திருக்கும் பேனலுக்கு அதனாலேயே ஐந்தில் ஒரு பங்கு நட்டம். பனி நீரில் ரோட்டுப் புழுதி ஒட்டிக் காய்வதால் காலையில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு அவசியம். லைட், ஃபேன், செல்போனுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

திரும்பும்போது தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டு, அதாவது 80 கிலோவைக் குறைத்துவிட்டுத்தான், தொப்பூர் கணவாயில் இறங்கினோம். பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறக்கியபோது டிரெய்லர் ஆடவில்லை, காரைத் தள்ளவும் இல்லை. அடிச்சட்டமும் பிரேக்கும் முதல் தரம்.

பென்னாகரத்துக்கும் ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் இந்த வண்டியை நம்பி வாங்கலாம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தரச் சம்மதித்தால். ஊட்டிக்கென்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அங்கே உறைபனி விழும் காலைகள் உண்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து, பேட்டரி மீளாமல் கெடும். குளிரில் சார்ஜிங்கைத் தானாக நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பட்டறையில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.