செவியின் கலையும் கண்ணின் கருவியும்

இளமையிற் பார்வையிழந்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் லெனி திரிஸ்தானோ, 1954–55இற் பதிவான 'டர்கிஷ் மாம்போ'வில், தம் வாசிப்பின்மேல் தம் வாசிப்பையே வெவ்வேறு தாளக் கணக்கில் அடுக்கினார். ஒலிநாடாவின் உதவி கலைக்கு இழுக்கென்றனர் சிலர். அது பொருந்தாது, நாடா பதியுமேயன்றித் தாளத்தை எண்ணாது, எண்ணியது அவர் செவியே.

இக்காலத்து 'லூப்' கருவி அவ்வடுக்கினை அரங்கிலேயே அமைக்க இடந்தருகின்றது. காலால் ஒருமுறை மிதித்தால் இசைத்தொடர் பதிவாகும்; மறுமுறை மிதித்தால் அது மீண்டும் மீண்டும் ஒலிக்கும். ஆயின், பதிவு நிகழ்கின்றதா, நின்றதா என்பதைப் பெரும்பாலும் சிறு விளக்குகளே உணர்த்துகின்றன. விழிப்புலனற்றோர்க்கு அவை பயனில. ஆங்கு நேரும் பிழை கலைஞர்பாலதன்று, கருவியின்பாலது. தொட்டறியும் குறியும், காதில் மட்டும் கேட்கும் அறிவிப்பும் அமையின் அக்குறை நீங்கும். அதன்பின் இரக்கத்தாற் புகழவும் வேண்டா. இசையை இசையாகவே மதிப்பிடலாம்.